பெயர் இல்லாத சீட்டு

உங்கள் வயலில் தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

பெரம்பலூரில் பிச்சைமுத்து மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஆனால் அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவர் மனைவி ரத்தினம்மாளிடம்தான் சொல்வார்கள்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. ரத்தினம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வந்தவர் முகத்தைப் பார்த்தால் போதும். எந்த ஊர், எந்தக் கிணறு, போன தடவை என்ன கோளாறு, எல்லாம் சொல்லிவிடுவாள். இரண்டு மெக்கானிக்குகளும் காலையில் அவள் வாயைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில் அவள் பத்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

ஒரே கிணற்றுக்கு இரண்டு மெக்கானிக்கும் போய் நின்றார்கள். இன்னொரு கிணற்றுக்கு ஒருத்தரும் போகவில்லை. கரும்பு காய்ந்த சம்சாரி ஒருவர் கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்.

அந்த மண் பிச்சைமுத்துவின் கண்ணிலேயே கிடந்தது.

முதலில் கரும்பலகை மாட்டி, வேலை வந்த ஊர்களை எழுதினார். வருகிறவர்கள் முதுகு உரசிப் பாதி ஊர் அழிந்துபோனது. பிறகு நோட்டுப் போட்டார். மெக்கானிக் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் திரும்பி வந்தது. கடைசியில் திருச்சிக்குப் போய், தபாலாபீஸில் இருப்பதுபோல் அறை அறையாக ஒரு மரப்பெட்டி வாங்கிவந்தார்.

வேலைக்கு ஒரு சீட்டு. அதில் மோட்டார்காரர் பெயர், ஊர், கோளாறு. எல்லாம் எழுதிய சீட்டு மேல் அறைக்கு. குறை இருந்தால் கீழ் அறைக்கு. மேலேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகவேண்டியது. கீழ் அறையைத் தொடக்கூடாது.

பெட்டியைச் சுவரில் அடித்த அன்று காலை, மெக்கானிக்குகளை வைத்துக்கொண்டே மனைவியிடம் சொன்னார்.

"இனிமே ஒன் மண்டைய நம்பிக் கடை நடக்கல. தெரிஞ்சுக்க."

பூமாலை என்ற மெக்கானிக் சிரித்துவிட்டான். ரத்தினம்மாள் மோட்டார் கம்பிச்சுருளுக்கு வைக்கிற காகிதத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

பத்து மணி பஸ்ஸில் சிறுவாச்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கணுக்கால் வரை கரிசல் மண்.

"வெங்காயம் காயுதுங்க. மோட்டாரு உறுமுது, சுத்த மாட்டேங்குது. பொழுதுக்குள்ள யாரும் வரலன்னா நானே கெணத்துல எறங்கிப் பிரிச்சுப் பாக்கறேன்னு நிக்கிறாரு. அவருக்கு அதுல ஒண்ணும் தெரியாதுங்க. கைய வச்சிடாதய்யான்னு கெஞ்சிட்டு ஓடியாந்தேன்."

பிச்சைமுத்து சீட்டை எடுத்தார். "பேரு?"

"காத்தாயிங்க."

"ஒன் பேரு இல்லம்மா. மோட்டாருக்காரரு பேரு."

காத்தாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அது அவள் புருஷன் பெயர்.

பூமாலைக்கு உற்சாகமாகிவிட்டது. "சாமி பேராக்கா?"

"ஆமா."

"செவனா, பெருமாளா?"

"பெருமாளு."

"கிருஷ்ணமூர்த்தியா? கோவிந்தனா? ரெங்கசாமியா? பேரச் சொன்னா மாமன் தேஞ்சா போயிருவாரு?"

முதல் மூன்று பெயர்களுக்கு அவளும் சிரித்தாள். ஏழாவது பெயருக்குச் சிரிக்கவில்லை. ரோட்டையே பார்த்தாள்.

"அந்த அக்காகிட்ட சொன்னாப் போதும், அதுக்கே தெரியும்னு சொல்லித்தாங்க அனுப்புனாரு" என்று ரத்தினம்மாளைக் காட்டினாள்.

பிச்சைமுத்து திரும்பினார். "ஒனக்குத் தெரியுமா?"

ரத்தினம்மாள் நிமிர்ந்து காத்தாயியை நன்றாகப் பார்த்தாள்.

"நெனவு வரலீங்க. காச்சலுக்கு அப்புறம் எல்லாம் மறந்துபோச்சு."

நல்லவேளை, பெட்டி வாங்கினோம் என்று பிச்சைமுத்து நினைத்தார்.

வெறும் ஊரை மட்டும் எழுதிக்கூடப் பூமாலையை அனுப்பியிருக்கலாம். அங்கே போய் விசாரித்தால் யாராவது காட்டியிருப்பார்கள். ஆனால் விசாரித்துக்கொண்டு அலைந்துதானே போன மாதம் மானம் போனது. முதல் நாளே சட்டத்தை வளைத்தால் பெட்டி எதற்கு?

"ஊர்ல யாரையாச்சும் கூட்டியாந்து பேரச் சொல்லச் சொல்லும்மா. ஒடனே ஆள் வரும்."

"சரிங்க" என்றாள் காத்தாயி. அவள் ரோட்டுக்கு ஓடுவதற்குள் ஒரு பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள். வெயிலில் அவள் நிற்பது கடையிலிருந்தே தெரிந்தது. ரத்தினம்மாள் இரண்டு தடவை வாசல் வரை வந்து, திரும்பி உள்ளே போனாள்.

சீட்டு கீழ் அறைக்குப் போயிற்று.

அன்றைக்கு மேல் அறையில் ஐந்து சீட்டு. ஐந்தும் பொழுது சாய்வதற்குள் முடிந்தன. ஒரு நாளும் கடை அப்படி ஒழுங்காக நடந்ததில்லை. காத்தாயி திரும்பி வரவில்லை. மோட்டார் தானாகவே ஓடியிருக்கும் என்று பூமாலை சொன்னான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸின் கண்டக்டர் கடையில் இறங்கிச் சேதி சொன்னார். சிறுவாச்சூர்ப் பக்கம் மோட்டாரைப் பிரிக்கக் கிணற்றில் இறங்கிய ஆளுக்குக் கரண்ட் அடித்துவிட்டது. மேலே தூக்கும்போதே உயிர் இல்லை. ஆள் யார் என்று கண்டக்டருக்குத் தெரியவில்லை.

ரத்தினம்மாள் அந்த ஆளின் பெயரைச் சொன்னாள். அவன் அப்பா பெயரையும், மோட்டார் எத்தனை குதிரைச்சக்தி என்பதையும், ரோட்டிலிருந்து அந்தக் கிணற்றுக்குப் போகிற குறுக்குத் தடத்தையும் சொன்னாள்.