அம்பை அழித்தவர்

"கையும் துணியுமா மாட்டுனீங்களா!"

தஹ்சீன் போட்ட சத்தம் பேஸ்மென்ட் பார்க்கிங் முழுக்க எதிரொலித்தது. மண்டி போட்டுத் தூணைத் துடைத்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் சோலைமுத்து ஈரத்துணியோடு எழுந்து நின்றார்.

தூணில் அவள் சாக்பீஸால் வரைந்திருந்த அம்புக்குறியில் பாதியைக் காணோம்.

திண்டுக்கல்லில் அந்த ஆஸ்பத்திரிக்கு நல்ல மரியாதை. அதன் பார்க்கிங்கைத்தான் ஜனங்கள் 'ராட்டினம்' என்பார்கள். உள்ளே இறங்குவதற்கு ஆளுயர போர்டு உண்டு. வெளியே போவதற்கு ஒரு கோடுகூடக் கிடையாது. ஒரே மாதிரித் தூண், ஒரே மாதிரிச் சுவர். சுற்றிச் சுற்றி வந்தால் கார் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கும்.

அவளுடைய அத்தா முகமது பாரூக்குக்கு இங்கேதான் டயாலிசிஸ். முடிந்து வரும்போது மனுஷனிடம் பாதி உயிர்தான் இருக்கும். போன மாதம் ஒருநாள் வழி தெரியாமல் சுற்றியதில், புகையும் வெக்கையும் தாங்காமல் வாந்தி எடுத்து, காரிலேயே மயங்கிவிட்டார். மறுபடியும் மேலே தூக்கிக்கொண்டு ஓடினாள். அடுத்த முறை வந்தபோது கைப்பையில் சாக்பீஸ் இருந்தது.

வரைந்தாள். அழிந்தது. மறுபடி வரைந்தாள். மறுபடியும் அழிந்தது.

இன்றைக்கு ஆள் சிக்கிவிட்டார்.

"எதுக்கு அழிக்கிறீங்க?"

"சொன்னாங்க தாயி, அழிக்கிறேன்."

"யாரு சொன்னா?"

சோலைமுத்து தலைக்கு மேலிருந்த கேமராவை ஒரு பார்வை பார்த்தார். குனிந்துகொண்டார்.

"நான் சொல்லட்டா? எல்லாருக்கும் வழி தெரிஞ்சிட்டா உங்ககிட்ட வந்து எவன் கெஞ்சுவான்? டீக்காசு எவன் குடுப்பான்? அதான?"

"ஐயோ, அப்படியில்ல தாயி..."

"அப்ப எப்படி? சொல்லுங்க, கேக்குறேன்."

காருக்குள்ளிருந்து அத்தா ஈனஸ்வரத்தில் சொன்னார்: "விடும்மா. வயசானவரு."

"வயசாயிட்டா என்ன வேணா செய்யலாமா அத்தா? இவரு டீ குடிக்க நீங்க மூச்சு முட்டிக் கெடக்கணுமா?"

காலேஜ் பட்டிமன்றத்தில் அவள் பேசி முடித்தால் எதிரணி தண்ணீர் பாட்டிலைத் தேடும். சோலைமுத்து எம்மாத்திரம்?

போனை எடுத்தாள். ஈரத்துணி, பாதி அம்பு, திருதிருவென்று முழிக்கும் முகம், எல்லாம் வீடியோவில் தெளிவாகப் பதிந்தன. 'டீக்காசுக்காக நோயாளிகளைச் சுற்றவிடும் வாட்ச்மேன்' என்று தலைப்புப் போட்டு ஏற்றினாள்.

விடிவதற்குள் ஊரே பார்த்துவிட்டது. கன்னிவாடியிலிருந்தும் கொடைரோட்டிலிருந்தும் முன்பின் தெரியாத ஆட்கள் கமெண்ட்டில் வந்து திட்டினார்கள். 'இவனெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறானா?' என்று ஒருத்தர் கேட்டிருந்தார். அதற்கு ஏகப்பட்ட லைக். தஹ்சீனும் ஒன்று போட்டாள்.

மறுநாளே ஆஸ்பத்திரி அறிக்கை விட்டது. வாட்ச்மேன் வேலைநீக்கம்.

அடுத்த டயாலிசிஸ் அன்று சேர்மன் டாக்டர் ராயப்பராஜ் அவளைத் தன் அறைக்கே கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள்.

"உன்ன மாதிரித் தட்டிக் கேக்குற பிள்ளைகதாம்மா நாட்டுக்கு வேணும். சயின்ஸை நம்பி நடத்துற ஆஸ்பத்திரிம்மா இது. இங்க இப்படியொரு ஆளு எப்படி இருந்தான்னே தெரியல."

"அம்புக்குறி போர்டு, சார்?"

"அதுக்கென்ன, ஜம்முனு போட்டுருவோம்."

பொன்னாடை தோளில் இருக்க, அத்தாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு லிப்டில் கீழே வந்தாள்.

தூண்களுக்கெல்லாம் புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள். அம்பு மட்டும் எங்கேயும் இல்லை. புது வாட்ச்மேன் ஆனந்த்ராஜ் தோளில் துணியோடு நின்றிருந்தார்.

"அண்ணே, வெளிய போற வழிக்கு அம்பு எப்பப் போடுவாங்க?"

ஆனந்த்ராஜ் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். குரலை இறக்கினார்.

"எங்கிட்டுப் போடுறது? வெளிய போற வழி தெக்க இருக்குல்ல. ஆஸ்பத்திரியில தெக்க பாத்து அம்பு போட்டா எமனுக்கு வழி சொன்ன மாதிரின்னு வாஸ்துக்காரர் சொல்லிட்டாராம்."

"வாஸ்துவா! வழியே தெக்கதான இருக்கு?"

"வழிய இனி மாத்த முடியாதாம். அம்பையாவது போடாம இருங்கன்னுட்டாராம். சேர்மன் டாக்டரே மேல கேமரா டிவியில பாத்துக்கிட்டு இருப்பாரு. யாராச்சும் வரைஞ்சா உடனே போன் வந்துரும், அழிடான்னு."

தஹ்சீன் வெள்ளையடித்த தூணைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப... சோலைமுத்து அண்ணன்?"

"அழிக்கலைன்னா சீட்டைக் கிழிச்சிருவோம்னாங்க. அழிச்சாரு. வீடியோ வந்துச்சு. அழிச்சதுக்குச் சீட்டைக் கிழிச்சிட்டாங்க. பாவம், சொந்த ஊரு எரியோட்டுல வீட்டைவிட்டு வெளிய வாரதே இல்லையாம். டீக்கடைப் பக்கம் போனாலே சிரிக்கிறாங்களாம்."

அத்தா மகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தஹ்சீன் பொன்னாடையை உருவிச் சுருட்டிக் காருக்குள் எறிந்தாள். போனை எடுத்தாள்.

"அண்ணே, இப்பச் சொன்னதை அப்படியே ஒரு தடவை சொல்லுங்க. அந்த டாக்டர் யாருன்னு ஊருக்கே காட்டிருவோம்."

ஆனந்த்ராஜ் பதறிப்போய்த் தோள் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"வேணாம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! அழிக்கச் சொன்னவுக மூஞ்சி என்னைக்கும் உங்க வீடியோவுல வராது. துணி புடிச்சவன் மூஞ்சிதாம்மா வரும்."