தானாக வந்த செடி

ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில், சுத்திகரித்த கழிவுநீர் பாயும் தோட்டப் பாத்தியில், பேர் தெரியாத செடி ஒன்று நின்றது.

"இன்னா செடிய்யா இது?" என்றார் சேஃப்டி ஆபீசர் சுபாஷ்.

"தெரியல சார். தானா வந்துச்சு" என்றார் தோட்ட கான்ட்ராக்டர் தாண்டவராயன்.

உற்பத்தி லைனில் சந்தேகமான பாகத்துக்கு மாட்டும் சிவப்பு 'ஹோல்டு' அட்டையை சுபாஷ் செடிக்கும் மாட்டினார். சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டினார். பேர் தெரியும்வரை யாரும் தொடக்கூடாது. நாடாவுக்கு வெளியே நின்று அவர் போட்டோ எடுத்ததில், செல்போன் ஆப் காலையில் ஒரு பேரும் மதியம் வேறு பேரும் சொன்னது.

"சிறுகுறிஞ்சான் சார். சுகருக்கு நல்லது. எங்க மாமியார் தினம் சாப்பிடுறாங்க" என்றார் எச்.ஆர். அம்சவல்லி.

ஆடிட்டுக்கு வந்தவரிடம் சுபாஷ் பெருமையாகக் காட்டினார். "நம்ம தண்ணி அவ்ளோ சுத்தம் சார். காட்டுச் செடியே தேடி வந்து வளருது. போன மாசத்துக்கு ரெண்டு இன்ச் ஏறிடுச்சு" என்று அளக்காமலே அடித்துவிட்டார்.

அவர் பாராட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் பக்கத்து ஊர் ஆடு ஒன்று நாடாவைத் தாண்டி ஓர் இலையைக் கடித்தது. மென்று பார்த்துத் துப்பிவிட்டுப் போனது. சுபாஷ் அந்த இலையைக் கையில் எடுத்தார். பிளாஸ்டிக்.

"நட்டதெல்லாம் அந்தத் தண்ணில கருகிப்போச்சு சார்" என்றார் தாண்டவராயன். "ஆடிட் வருதுன்னீங்க. ஸ்ரீபெரும்புதூர்ல வாங்கியாந்து வச்சேன்."

"அப்புறம் ஏன்யா தினம் தண்ணி ஊத்துன?"

"தூசி படியுது சார்."

சுபாஷ் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் பத்து வாங்கி வையி. நாலு இலை பழுத்த மாதிரி கெடைக்குதான்னு பாரு."