தினமும் பார்த்த முகம்

"இவன்தான்! பஸ்ஸுக்குள்ள குண்டு வைச்சவன்!"

திருகோணமலை பஸ் நிலையத்தில் ஒரு பெண் அலறினாள். கிண்ணியா பஸ்ஸில் ஏறப்போன யோகலிங்கத்தைக் கூட்டம் இழுத்து விழுத்தியது. அவனுடைய பையைப் பறித்து உதறினார்கள். பிள்ளைக்கு வாங்கிய சட்டைதான் விழுந்தது. ஆனாலும் அடி நிற்கவில்லை. ஒரு கல் பல்லை உடைத்தது. வாய் நிறைய இரத்தம். பேச ஏலவில்லை.

பொலிஸ்காரர் ஒருவர் ஓடிவந்து கூட்டத்தை விலக்கினார்.

"இவர் குண்டு வைச்சதை எங்க கண்டனீங்கள்?"

"ரீவியில ஐயா. ஒவ்வொரு நாளும் காட்டுறாங்கள். என்ர மகன் செத்ததும் அப்பிடி ஒரு பஸ்ஸிலதான்."

பொலிஸ்காரர் அடிபட்டவனை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"அது தேர்தல் விளம்பரம் அம்மா! இந்த மனுசன் அதில நடிச்சவர்!"

அந்த விளம்பரத்தை எடுத்த கட்சிக்காரர் ஆஸ்பத்திரிக்கு விரைந்து வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று யோகலிங்கம் நினைத்தான். அவரோ, முகத்தைத் துடைக்கக் குனிந்த தாதியைத் தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ மிஸ்ஸி. இரத்தம் அப்பிடியே இருக்கட்டும். எதிர்க்கட்சிக்காரர் அடிச்சதெண்டு அடுத்த விளம்பரம் எடுக்கோணும்."