ஊதிக் காட்டும் நாள்

மைதீன் பிச்சைக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மில்லில் எல்லாருக்கும் நெஞ்சுப் பரிசோதனை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஒரு குழாயில் வாயை வைத்து ஊத வேண்டுமாம். ஊதத் தெம்பில்லாதவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ராஜபாளையம் முழுக்கப் பேச்சு.

பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருசம் பஞ்சுத் தூசிக்குள் நின்ற மனுசன். வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற அன்றைக்கெல்லாம் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கும். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்கிற மாதிரி நடிப்பார். இவர் எங்கே ஊதி ஜெயிப்பது?

அப்போதுதான் அந்தக் குறுக்குப் புத்தி வந்தது.

"ஏலே ஹபீபு, எனக்குப் பதிலா நீ போயி ஊதிட்டு வாரியா?"

கல்லூரியில் கடைசி வருசம் படிக்கும் மகன், அப்பாவின் மில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்த வருசம் எடுத்த போட்டோ. மீசை முதற்கொண்டு அப்படியே ஹபீபை உரித்து வைத்திருந்தது.

"மாட்டிக்கிட்டா என்ன செய்ய, அத்தா?"

"மதுரையிலருந்து வார ஆளுகலே. நம்ம மூஞ்சி எவனுக்குத் தெரியும்?"

மனைவி நூர்பானு சத்தம் போட்டாள். படிக்கிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற லட்சணமா இது என்று கேட்டாள். வேலை போனால் அவன் படிப்பும் சேர்ந்து போகும் என்று புருசன் சொன்னதும், பேச்சை விட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனாள். மில்லின் பின்சுவரை ஒட்டிய வீடு. வேலைக்கு நடந்தே போய்விடலாம் என்று, ஹபீப் பிறந்த வருசம் பார்த்துப் பார்த்து வாங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் அன்றைக்கும் கழிவுப் பஞ்சைக் கொளுத்த ஆரம்பித்திருந்தார்கள்; வழக்கம்போலப் புகை வீட்டுக்குள் வந்தது.

பரிசோதனை, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மகனை உள்ளே அனுப்பிவிட்டு மைதீன் பிச்சை எதிர் டீக்கடையில் ஒதுங்கி நின்றார். சூப்பர்வைசர் பொன்னுராஜ் மண்டபத்துக்குள் நுழைவதைப் பார்த்ததும் டீக் கிளாஸைக் குடிக்காமலே வைத்துவிட்டார். பையனைப் பார்த்துவிட்டால் தொலைந்தது.

நல்லவேளை, ஹபீப் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"நாப்பத்தாறு வயசுன்னு சொல்லவே முடியாதுன்னு ஊதச் சொன்ன பொண்ணு ஆச்சரியப்படுதுத்தா."

"அது கெடக்கட்டும். நல்லா ஊதுனியா?"

"மூணு தடவ. அடிவயித்துலருந்து தம்மு கட்டி ஊதுனேன்."

அன்றைக்குத்தான் மனுசனுக்குச் சோறு இறங்கியது.

மூன்றாம் நாள் ரிசல்ட். கையெழுத்துப் போட்டு வாங்குகிற வேலைதானே என்று தானே போனார். மதுரையிலிருந்து வந்த டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார்.

"பயப்படாதீங்கய்யா. யாரையும் வேலைய விட்டு அனுப்ப மாட்டாங்க. உங்கள அதே சம்பளத்துல தூசி இல்லாத இடத்துக்கு மாத்தணும்னு எழுதியிருக்கேன். மில்லுல சம்மதிச்சுட்டாங்க."

மைதீன் பிச்சைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னைய எதுக்கும்மா மாத்தணும்? நல்லாத்தானே ஊதிருக்கு?"

"இல்லைய்யா. நுரையீரல் பாதிதான் வேலை செய்யுது. இப்பவே வைத்தியம் ஆரம்பிச்சா மேல கெடாம பாத்துக்கலாம். அத்தனை வருசம் மில்லுக்குள்ள நின்னா வேற எப்படி இருக்கும், சொல்லுங்க?"

காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தி, பேனாவையும் கொடுத்தார். ஒரு கையெழுத்துப் போட்டால் தூசி இல்லாத வேலை. உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம், இருக்கிற வேலையும் போகும்.

மைதீன் பிச்சை பேனாவைக் கீழே வைத்தார்.

"ஊதுனது நான் இல்லம்மா, எம் மவன். அவன் மில்லுக்குள்ள ஒரு நாளும் கால் வச்சதில்ல."