விட்டுப்போன அடி

"டிரம்ஸ் வாசிக்கிறவரை மாத்திடுங்க மேடம். அவரு வாசிச்சா ஒரிஜினல் மாதிரியே இல்ல" என்றார் பாடகர்.

மானேஜர் பெண் கண்ணாடித் தடுப்பு வழியாக ஒத்திகை அறையை எட்டிப் பார்த்தாள். வழுக்கைத் தலையர் ஒருவர் டிரம்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த பழைய பஞ்சிலிருந்து தூசி உதிர, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அவள் இந்த ராக் இசைக்குழுவுக்கு மானேஜராக வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில்தான் அந்தப் பெரிய இசை விழாவின் அமைப்பாளர் போனில் கறாராகப் பேசியிருந்தார்.

"இது நிஜமாவே பழைய குரூப்தானா, இல்ல பேரை மட்டும் வச்சு ஓட்டுறீங்களான்னு ஜனங்க கேக்குறாங்கம்மா. ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தராவது மேடையில இருக்கணும். இல்லேன்னா உங்களுக்கு மேடையே கிடையாது."

விழா கைவிட்டுப் போனால் தன் வேலையும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் கவலைப்படவில்லை. நரைமுடி தோளில் புரள, பாடகர்தான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாரே!

"அப்படி என்ன தப்பா வாசிக்கிறாரு?"

"எங்க முதல் பாட்டு கேட்டிருக்கீங்கல்ல? ரெண்டாவது வரி முடிஞ்சதும் டிரம்ஸ் ஒரே ஒரு அடி நிக்கும். மௌனம்! அப்புறம் இடி மாதிரி இறங்கும். அந்த மௌனத்துக்குத்தான் மேடம் கூட்டமே வருது."

"அந்த இடத்துல எல்லாரும் கையைத் தூக்கி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க" என்று கிடார்காரர் ஒத்து ஊதினார். "போன கச்சேரியில மொட்டை அங்க ஒரு அடி போட்டாரு பாருங்க, மொத்தக் கூட்டமும் புஸ்ஸுன்னு போச்சு. 'டூப்ளிகேட்'னு கத்தி ஒருத்தன் செருப்பை வீசினான். என் மேல விழுந்துச்சு."

"ஒண்ணுதானே விழுந்துச்சு" என்றார் கீபோர்டுக்காரர். "ஜோடியா வந்திருந்தா போட்டுக்கிட்டாவது வந்திருப்பே."

பாடகர் சிரிக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டார்.

"அந்தப் பாட்டை நாங்க ஒரு பாதாள அறையில ரெக்கார்ட் பண்ணோம். வெளியில பேய்மழை. அந்த இடம் வந்தப்போ எங்களுக்குள்ள என்னமோ ஒண்ணு நின்னுச்சு. யாரும் பேசி வச்சுக்கல மேடம். சாவைத் தொட்டுட்டுத் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு."

அவளுக்குப் புல்லரித்தது.

சுவரில் அந்த முதல் இசைத்தட்டின் அட்டை சட்டம் போட்டுத் தொங்கியது. நான்கு இளைஞர்கள், முகம் தெரியாத அளவுக்கு முடி. நடுவில் நிற்பவரின் மூக்கு மட்டும் தெரிந்தது. பாடகரைத் திரும்பிப் பார்த்தாள். மூக்கு ஒத்துப்போனது.

எழுந்து ஒத்திகை அறைக்குள் போனாள்.

"சார், அந்த ஒரு இடத்துல மட்டும் அடிக்காம விட்டுடுங்களேன்."

"அங்க அடி வரணும்மா. விட்டா தப்பு."

"ரெக்கார்டுல அப்படித்தானே சார் இருக்கு?"

"ரெக்கார்டுல இருக்கறதுதான் தப்பு. இத்தனை நாள் எல்லாரும் சொல்றாங்களேன்னு விட்டுட்டே வந்தேன். வயசாகுதில்ல, ஒரு தடவையாவது சரியா வாசிக்கணும்னு தோணுச்சு."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆரம்பிச்சவங்க மனசுலேர்ந்து வந்த மௌனம் சார் அது. அதைத் திருத்த நீங்க யாரு?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, புன்னகையோடு மூடிக்கொண்டார்.

"அப்ப நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம் சார்." யாரையும் அவள் இதற்கு முன் வேலையை விட்டு அனுப்பியதில்லை.

"சரிம்மா" என்றார் அவர், அவ்வளவு சுலபமாக. குச்சிகளைத் துடைத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினார்.

வெளியே வந்தவள், மார்பில் கை வைத்து மூச்சு விட்டாள். "முடிஞ்சுது. வேற டிரம்ஸ்காரரைப் பார்த்துக்கலாம். விழாக்காரங்க ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டிருக்காங்க. ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் மேடையில இருக்கணுமாம். அதான் நீங்க இருக்கீங்களே சார்!"

பாடகர் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"நானா? நான் போன தேர்தல் சமயத்துல சேர்ந்தவன் மேடம். எனக்கு முன்னாடியே மூணு பாடகருங்க வந்துட்டுப் போயாச்சு."

"அப்போ அந்தப் பாதாள அறை? பேய்மழை?"

"எனக்கு முன்னாடி பாடினவர் சொன்னது. அவருக்கு, அவருக்கு முன்னாடி பாடினவர் சொல்லியிருப்பாரு." பாடகர் கூச்சத்தோடு நரைமுடியைக் கோதினார். "இந்த குரூப்ல சேர்ந்துட்டா எல்லாக் கதையும் 'நாங்க'தான் மேடம்."

அவள் கிடார்காரரைப் பார்த்தாள். அவர் கீபோர்டுக்காரரைப் பார்த்தார். கீபோர்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

அவளுடைய போன் அடித்தது. விழா அமைப்பாளர். எடுக்கக் கை வரவில்லை.

ஒத்திகை அறைக் கதவு திறந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வழுக்கைத் தலையர் வெளியே வந்தார். சுவரிலிருந்த அட்டைப் படத்தின் முன் ஒரு கணம் நின்றார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மழையெல்லாம் ஒண்ணும் பெய்யலம்மா" என்றார். "அந்த இடத்துல எனக்குத் தும்மல் வந்துடுச்சு."