மூன்று வார அறுவை சிகிச்சை

"உலகத்துல ரிப்பேர்காரன் ரெண்டே வகைதான், அக்கா. கோளாறு புரியலைன்னா ஒரு பார்ட்டை உள்ளங்கையில வெச்சு 'இது போயிடுச்சு சார்'னு காட்டுறவன் ஒரு வகை. இன்னொரு வகை, நான்."

பழைய செட்டுகளுக்கு உயிர் கொடுப்பவன் என்று தன்னைத் தானே அறிவித்துக்கொண்ட தம்பி, சாலிடரிங் இரும்பைச் செங்கோல் போலப் பிடித்தபடி சொன்னான். எதிரே மேசையில், ரேடியோவும் சேர்ந்த பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று குடல் தெரியக் கிடந்தது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும். மூன்று வாரமாக மல்லுக்கட்டியும் சத்தம்தான் வரவில்லை.

"அந்த ரெண்டாவது வகைக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு," என்றாள் அக்கா, மேசையைத் துடைத்துக்கொண்டே. "அவ அப்பா கிளம்பிட்டாராம்."

அவள் என்றால் காதலி. பெண் கேட்கப் போனவனிடம், "ஆறு வருஷமா ஊமையா இருக்கு. முதல்ல இதைப் பாட வைங்க, அப்புறம் கல்யாணம் பேசுவோம்," என்று அவள் அப்பா தூக்கிக் கொடுத்த செட் இது.

"எத்தனை பார்ட் மாத்தின?"

"இருபத்தெட்டு."

"எத்தனை கெட்டுப்போயிருந்துச்சு?"

தம்பி சற்று யோசித்தான். "எல்லாமே நல்லா இருந்துச்சுன்னு மாத்தினப்புறம் தெரிஞ்சுது."

அக்கா செட்டின் முகத்திலிருந்த தூசியைத் துணியால் ஓர் இழுப்பு இழுத்தாள். டிக்கென்று ஒரு பட்டன் வெளியே துள்ளியது. அடுத்த நொடி ரேடியோவில் யாரோ உருகி உருகிப் பாடினார்கள்.

பட்டனுக்குக் கீழே 'டேப்' என்று எழுதியிருந்தது. அதை அமுக்கி வைத்தால் செட் டேப் ரெக்கார்டருக்காகக் காத்திருக்கும், வேறெதையும் பாடாது. மூன்று வாரமும் பின்பக்கமே குடியிருந்த தம்பி, முன்பக்கம் வரவே இல்லை.

"பேஷண்ட் வாயை மூடிக்கிட்டிருந்ததுக்கு வயித்தைக் கிழிச்சிருக்க," என்றாள் அக்கா.

வாசல் மணி அடித்தது. அவர் வந்தார். பாட்டைக் கேட்டுக் கண்ணை மூடி நின்றார்.

"என்ன கோளாறு?"

உண்மையைச் சொன்னால் மானம் போகும். மானத்தோடு மணப்பெண்ணும் போகலாம்.

"கோளாறே இல்ல சார். இந்த டேப் பட்டன் அமுங்கியிருந்துச்சு. அதையும் அக்காதான் கண்டுபிடிச்சாங்க."

அவர் முகம் வெளுத்தது. பட்டனையே பார்த்தார். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தம்பி மனசுக்குள் மண்டபத்தை ரத்து செய்தான்.

"கடைசியா டேப் கேட்டப்ப அதை அமுக்கினது நான்தான்," என்றார், குரலைத் தாழ்த்தி. "நீ துடைச்சுத்தான் கெட்டுப்போச்சுன்னு ஆறு வருஷமா வீட்டம்மாவைத் திட்டிக்கிட்டிருக்கேன். அதுக்கப்புறம் செட்டை அவளைத் தொடவே விடல. இப்ப கீழ கார்லதான் உட்கார்ந்திருக்கா. ஏதோ ஒரு பார்ட் போயிடுச்சுன்னு சொல்லக் கூடாதா, மாப்பிள்ளை?"

தம்பி கழற்றிப்போட்ட இருபத்தெட்டில் பார்க்கச் சுமாராக இருந்த ஒன்றைப் பொறுக்கி, சாலிடரிங் இரும்பால் லேசாகக் கருக்கி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான்.