சபரீஷ் ஸ்டைல்

"இவங்களும் சபரீஷ் ஸ்டைல்லதான் ஆடுவாங்க போலங்க!"

மைக் பிடித்தவன் சொல்லிவிட்டுச் சிரித்தான். கூடமே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. வீடியோ கேம் கன்ட்ரோலரை இறுக்கிய விரல்கள் வெளுத்தன.

பக்கத்து நாற்காலியில் சபரீஷ். இரண்டு வருடம் அவளோடு ஜோடி சேர்ந்து ஆடியவன். இன்று இறுதிச் சுற்றில் எதிராளி.

'அது என்னோடது இல்லைங்க' என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தான்.

திரையில் வரிசையாக வீரர்கள். இருவரும் ஒரே ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மோர்கா.

நங்கூரச் சங்கிலியைத் தோளில் சுமக்கும் கடல்காரி. அந்த விளையாட்டிலேயே கனமானவள். மெதுவானவள். மற்றவர்கள் காற்றில் இரண்டு தரம் எகிறுவார்கள். இவளுக்கு ஒரு தரம்தான். மிதக்கும் மேடையிலிருந்து விழுந்தால் ஓர் உயிர் போகும், ஆளுக்கு மூன்று உயிர். விழும்போது சங்கிலியை வீசி மேடை விளிம்பைப் பற்றி ஏறிக்கொள்ளலாம். அதற்கு மேல் இவளிடம் ஒன்றுமில்லை என்று எல்லோரும் ஒதுக்கினார்கள்.

அவள் ஒதுக்கவில்லை.

அப்போது அவளிடம் இருந்தது ஒரு பழைய கன்ட்ரோலர். ஆளை நகர்த்தும் இடது குச்சி ஒட்டிக்கொள்ளும். ஓட வராது. ஓட முடியாததால் நின்றாள். நின்று நின்றுதான் கண்டுபிடித்தாள். மோர்காவை விளிம்பில் நிறுத்த வேண்டும், பாதாளத்துக்கு முதுகைக் காட்டி. ஒரு தட்டு தட்டினால் விழுந்துவிடுவாள் என்று ஆசைப்பட்டு எதிராளி ஓடி வருவான். வரட்டும். சங்கிலியால் வளைத்து, தலைக்கு மேலே தூக்கி, பின்னால் எறிய வேண்டும்.

பின்னால் தரை இல்லை.

பீளமேட்டு வீட்டின் மாடி அறையில், ரோட்டுக்கடைக் காளான் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "கோபம் வந்தா மோர்கா செத்தா" என்று சொன்னதும் அவள்தான்.

போன மாதம் அவன் ஒரு வீடியோ போட்டான். 'மோர்கா: பலமும் ஆடும் முறையும்.'

அவள் ஆடிய ஆட்டங்கள். அவள் சொன்ன வார்த்தைகள். அவன் குரல்.

திரையின் மூலையில் தெரியும் அவள் பெயரை மட்டும் மங்கலாக்கியிருந்தான்.

மறந்துவிட்டான் என்றால் மன்னித்திருப்பாள். மங்கலாக்குவதற்கு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்.

ஆட்டம் தொடங்கியது.

இந்த விளிம்பில் ஒரு மோர்கா. அந்த விளிம்பில் ஒரு மோர்கா. இருவரும் பாதாளத்துக்கு முதுகு காட்டி நின்றார்கள். யாரும் அசையவில்லை. கூட்டத்தில் விசில் கிளம்பியது.

அவள் கோபப்படட்டும் என்று அவன் காத்திருக்கிறான். அவளுக்குத் தெரியும். அப்படிக் காத்திருக்கச் சொன்னவளே அவள்தானே.

நில், என்றது புத்தி.

நின்றால் அது சபரீஷ் ஸ்டைல்.

ஓடினாள்.

கனத்த ஓட்டம். பாதி வழியிலேயே அவன் சங்கிலி அவளை வளைத்தது. தூக்கினான். எறிந்தான். ஓர் உயிர் போனது.

"கோபம் வந்தா மோர்கா செத்தா!" மைக் அலறியது. "சபரீஷ் சொன்ன மாதிரியேங்க!"

காதுக்குள் சூடாக ஏதோ அடைத்தது. சபரீஷ் சொன்ன மாதிரி. சபரீஷ் சொன்ன மாதிரியா?

மறுபடி ஓடினாள். அவன் சங்கிலியை ஓங்கினான். அவள் கட்டைவிரல் யாரையும் கேட்கவில்லை. சங்கிலியை அவன்மீது வீசாமல், அவன் காலடியில் இருந்த விளிம்பைக் குறிவைத்து வீசியது. கொக்கி பற்றியது. விழுந்தவள் ஏறுவதற்கென்று இருந்த சங்கிலி, நின்றவளை இழுத்தது. விளையாட்டிலேயே மெதுவானவள் மேடையின் குறுக்கே அம்பாகப் போனாள். அத்தனை கனமும் அவன் மோர்காவின் மார்பில் இறங்கியது.

அவன் உயிர் ஒன்று போனது.

 கூடமே எழுந்து நின்று கத்தியது.

அவளுக்கு அது கேட்கவில்லை. மறுபடி வீசினாள். மறுபடி பறந்தாள். அவன் தடுத்துப் பார்த்தான். தாவிப் பார்த்தான். வீடியோவில் இல்லாத கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. கடைசியில் பின்வாங்கப் பார்த்தான்.

பின்னால் இடம் இல்லை. அங்கேதானே அவனை நிற்கச் சொல்லியிருந்தாள்.

மூன்றும் போயின.

யாரோ அவள் தோளைத் தட்டினார்கள். யாரோ படம் எடுத்தார்கள். அவள் பல்லைக் கடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள். தீரவில்லை.

நாற்காலி தரையில் உராயும் சத்தம். சபரீஷ் நெருங்கி உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் தோல்வி இல்லை. வெட்கமும் இல்லை. மாடி அறையில் பார்த்த அதே பளபளப்பு.

"ஹம்சி, அத எப்படிப் பண்ணுன?"

"அது சும்மாதான்டா. பாரு, மொதல்ல சங்கிலிய..."

வாய் தானாகப் பேசிவிட்டது. அந்தக் குரல் அவளுக்கே தித்தித்தது.

நிறுத்தினாள்.

அவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

அவள் கன்ட்ரோலரின் வயரைப் பிடுங்கினாள். உள்ளங்கையில் வைத்துச் சுற்றத் தொடங்கினாள். கை நடுங்கியது. வயர் நழுவி நழுவி விழுந்தது.

"சந்தோஷத்துல கை நடுங்குது பாருங்க!" என்றான் மைக் பிடித்தவன். யாரோ ஓடிப்போய் ஜூஸ் கொண்டுவந்தார்கள்.